இரண்டு நிமிட விதியும் டீச்சரம்மாவும்

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு நான்கு மாதம் வீட்டோடு இருந்தேன். அந்த நாட்களில் முழுதாகப் படித்து முடித்தவை இரண்டே புத்தகங்கள். ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ (2018), தங்கை கொண்டுவந்து தந்தது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973), அம்மாவின் அலமாரியிலேயே இருந்தது. மனம் தளர்ந்து கிடக்கும் ஒருவருக்கு இதில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

முதலில் கிளியர். பழக்கம் கண்ணில் படவேண்டும், ஈர்க்கவேண்டும், செய்ய எளிதாக இருக்கவேண்டும், செய்து முடித்ததும் நிறைவு தரவேண்டும் என்று நான்கு விதிகள் வைக்கிறார். எந்தப் பழக்கத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற அளவுக்குச் சுருக்கித் தொடங்கு என்பது அதில் ஒரு வழி. அது எனக்கு உண்மையாகவே உதவியது. அரை மணி நேர நடை என்று நினைத்து ஒரு நாளும் கிளம்பாத நான், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனால் போதும் என்று வைத்துக்கொண்டதும் போக ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் பூங்கா வரை நடந்தேன். இந்த நன்றியைச் சொல்லாமல் குறை சொல்வது நியாயமாகாது.

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 37 மடங்கு என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் நேற்று சேர்த்தது இன்றும் கையில் இருந்தால்தானே கூட்டுவட்டி ஓடும்? அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரே வாரத்தில் நடையும் போச்சு, தூக்கமும் போச்சு. ஒரு நாள் தவறலாம், அடுத்த நாளும் தவறவிடாதே என்று அவர் சொல்லியிருப்பது எனக்கு நினைவிருந்தது. ஏழு நாள் தவறியவளுக்கு அது குத்தியது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு வேலை பார் என்கிறார். பக்கத்து அறையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிடுவதே அந்தப் போனில்தான். நம்மைச் சுற்றி இருப்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்று நம்பி எழுதப்பட்ட புத்தகம் அது. நோயாளி இருக்கும் வீட்டில் பொழுதை அமைப்பது நோயாளியின் உடம்பு.

‘தண்ணீர்’ நாவலில் யாருக்கும் எதுவும் கைவசம் இல்லை. சென்னையில் ஒரு தெரு, வறண்ட குழாய், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வற்றியபோது டேங்கர் லாரிக்காகத் தெருவில் நின்றவள் நான். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காகக் காத்திருப்பது உடம்பை என்ன செய்யும் என்பதை அசோகமித்திரன் குரலே உயர்த்தாமல் எழுதிவிடுகிறார். ஜெமினி ஸ்டுடியோவில் 1966 வரை வேலை பார்த்தவர் அவர். சினிமாவின் வாசலில் நின்றே வயது கழியும் பெண்களை அறிந்தவர். நாவலின் நாயகி ஜமுனா, சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்டு, சாக நினைக்கும் நிலைக்கு வருகிறாள். அதே தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா அவளிடம் தன் கதையைச் சொல்கிறாள்: சின்ன வயதில் கல்யாணம், தன்னைவிட மிக மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் கணவர். அந்த டீச்சரம்மாதான் பள்ளிக்கும் போகிறாள், தண்ணீருக்கும் அலைகிறாள். அந்தப் பக்கங்களை ராத்திரி இரண்டு மணிக்கு, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் படித்தேன். அழுதேன். என்னைப்போல் ஒருத்தியை யாரோ பார்த்திருக்கிறார் என்று இருந்தது. காலையில் எழுந்து பால் காய்ச்ச அது போதுமானதாக இருந்தது.

அந்த நாவல் எனக்கு நடக்கச் சொல்லித் தரவில்லை. அதற்குக் கிளியர்தான் வேண்டியிருந்தார். ஆனால் ஒருவர் எழவே முடியாமல் கிடக்கும்போது நான் முதலில் ‘தண்ணீரை’த்தான் கொடுப்பேன். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு மற்றது.

தங்கை அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். தன் நேரம் தன் கையில் இருக்கிற அவளுக்குக் கிளியர் நன்றாகவே பொருந்துகிறார், அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘தண்ணீர்’ இப்போது அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது, மருந்துச் சீட்டை அடையாளம் வைத்து.