இனகதாதே வயலோவியம்: நெற்பயிரில் மீண்டு வந்த மோனாலிசா

ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடமுனையிலுள்ள அவோமோரி மாகாணத்தில், இனகதாதே என்னும் சிறு கிராமம் ஆண்டுதோறும் தன் வயலில் நெற்பயிரைக் கொண்டே ஓவியம் தீட்டுகிறது. ஜப்பானியர் இதனைத் 'தன்போ ஆர்ட்' என்கிறார்கள். தன்போ என்றால் நெல்வயல். 2022 ஆகஸ்டு தொடக்கத்தில் அங்கு சென்று முழுநாள் இருந்து பார்த்தேன். தொலைவும் செலவும் கருதித் தயங்குவோருக்கு, தயங்காமல் சென்று வாருங்கள் என்பதே என் முதற்சொல்.

வயலை ஒட்டிய சாலையில் நடக்கும்போது ஓவியம் என்று எதுவும் புலப்படுவதில்லை. இங்கொரு திட்டு கருஞ்சிவப்பாகவும், அங்கொரு பட்டை வெளிர்மஞ்சளாகவும், எஞ்சியதெல்லாம் பச்சையாகவும் தெரியும், அவ்வளவே. கோட்டை வடிவில் கட்டப்பட்டுள்ள கிராம அலுவலகத்தின் நான்காம் மாடிக்கு ஏறி, பார்வை மேடையின் கைப்பிடியருகே நின்றபோதுதான் அந்தத் திட்டுகள் கூந்தலாகவும் கன்னமாகவும் விரல்களாகவும் கூடி வந்தன. ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர் வயலில் மோனாலிசாவும், ஜப்பானிய ஓவியர் குரோதா செய்கி 1897 இல் வரைந்த 'ஏரிக்கரை' ஓவியத்தில் கையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் கிமோனோ அணிந்த பெண்ணும் அருகருகே வீற்றிருந்தார்கள். காற்று வீசும்போது இரு முகங்களின் மீதும் அலை ஓடுகிறது. எந்தப் புகைப்படத்திலும் இது கிட்டாது.

மோனாலிசா இவ்வயலுக்குப் புதியவர் அல்லர். 1993 இல் மூன்று நிற நெல்லைக் கொண்டு இவாகி மலையின் உருவத்தை நட்டுத் தொடங்கிய கிராமத்தார், 2003 இல் துணிந்து மோனாலிசாவை நட்டார்கள். அவர்கள் வரைபடத்தை அப்படியே வயலில் இறக்கியதால், மேடைக்கு அருகிலிருந்த உடற்பகுதி பருத்தும், தொலைவிலிருந்த தலை சிறுத்தும் தோன்றி, அந்த அம்மையார் பெருத்த உடலோடு காட்சியளித்தார். அந்தத் தவறே இக்கலையின் ஆசானாயிற்று என்பேன். அதன்பின், மேடையில் நிற்பவரின் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு, தொலைவிலுள்ள பகுதிகளை நீட்டி வரையும் முறையைக் கையாண்டார்கள். 19 ஆண்டுகள் கழித்து நான் கண்ட முகத்தில் அளவு பிசகியதாக ஓரிடத்தைக்கூடச் சுட்ட முடியவில்லை. தோற்றுப்போன இடத்திற்கே திரும்பி வந்து சரிசெய்து காட்டிய அந்தப் பிடிவாதம் என்னை மிகவும் நெகிழச் செய்தது.

இதில் சாயப்பூச்சு ஏதுமில்லை. பச்சைக்கு அந்த மாகாணத்தின் உணவு நெல்லான 'ட்சுகாரு ரோமன்'. கருஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இலையே அந்நிறத்தில் விளையும் நெல் வகைகள். வெள்ளைக்கும் சிவப்புக்கும் அலங்காரத்திற்கென வளர்க்கப்படும் வகைகள். அளவெடுத்துக் குச்சிகளை ஊன்றி எல்லைகளைக் குறித்த பின்னர், ஜூன் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சேற்றில் இறங்கிக் கையாலேயே நாற்று நடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அறுவடைக்கும் மக்கள் மீண்டும் கூடுகிறார்கள். நடவு முடிந்த சில வாரங்கள் வரை நாற்றுகளுக்கிடையே நீர் தெரிவதால் உருவம் மங்கலாகவே இருக்கும். பயிர் தூர் கட்டி வயலை மூடும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை நிறங்கள் செறிவாக நிற்கும்.

கிராமத்தின் இரண்டாம் ஓவியக் களம் 2012 முதல் சில கிலோமீட்டர் தள்ளி, 'யாயோய் நோ சாத்தோ' என்னும் சாலையோர ஓய்வு நிலையத்தில் உள்ளது. அங்கே வண்ணக் கற்களைப் பரப்பி அமைத்த நடிகர் தகாகுரா கென்னின் உருவமும் உண்டு. ஆனால் பயிரின் உயிர்ப்பைக் கண்ட கண்ணுக்குக் கல் ஈடாகவில்லை. அதைவிட, அருகிலுள்ள தொல்லியல் காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. 1981 முதல் நடந்த அகழாய்வுகளில் இக்கிராமத்தின் தரேயனாகி என்னுமிடத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 656 வயற்பாத்திகளை அகழ்ந்தெடுத்தார்கள். அப்பாத்திகளில் மனிதர்களின் காலடித் தடங்களும் இருந்தன. இத்தனை வடக்கே, இத்தனை குளிரில், அக்காலத்திலேயே நெல் விளைந்ததா என்ற ஐயத்தை அந்தச் சேறு தீர்த்து வைத்தது. இதை அறிந்தபின் ஓவியத்தை மறுமுறை சென்று பார்த்தேன். முதல்முறையை விட நெடுநேரம் நின்றேன்.

தோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரி நிலையத்திற்குப் புல்லட் ரயிலில் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஹிரோசாகி நகருக்கும், பின்னர் கோனான் ரயில்பாதையின் சிறு ரயிலில் 2013 இல் திறக்கப்பட்ட 'தன்போ ஆர்ட்' நிலையத்திற்கும் செல்லலாம். அந்நிலையம் இரண்டாம் களத்தை ஒட்டியது. ரயில் ஏறத்தாழ மணிக்கு ஒன்றுதான். நான் நேரத்தைப் பார்க்காமல் போய் ஒன்றைத் தவறவிட்டு வெயிலில் காத்திருந்தேன். குளிர்காலத்தில் அந்நிலையத்தில் வண்டிகள் நிற்பதில்லை. நான் சென்றபோது பெரியவர்களுக்கு ஒரு களத்திற்கு 300 யென் கட்டணம். காட்சியின் அருமைக்கு இது மிகக் குறைவு.

வடக்கே செல்ல நேரமில்லாதவர்கள் தோக்கியோவுக்கு அருகே சைத்தாமா மாகாணத்து கியோதாவுக்குச் செல்லலாம். அங்குள்ள ஓவியம் 2015 இல் 27,195 சதுர மீட்டர் பரப்பளவோடு கின்னஸ் சாதனை பெற்றது. 50 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து பார்க்கிறார்கள். பெருமை பரப்பளவில் என்றால் கியோதா. நேர்த்தியில் என்றால் இனகதாதே என்பது என் மதிப்பீடு. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஹிரோசாகியில் நெபுத்தா விளக்குத் திருவிழா நடப்பதால், அந்நாட்களில் செல்வோர் தங்கும் அறையைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.