திசுவைக் காட்ட எது நல்லது: வெங்காயத் தோலா, பூசணித் தண்டா?

நுண்ணோக்கியில் திசு பார்க்கலாம் என்றாலே வெங்காயமும் கன்னத்துச் செல்லும்தான் முதலில் மேசைக்கு வரும். இரண்டும் ஐந்து நிமிட வேலை. நுண்ணோக்கியைக் கையாளப் பழகுகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் பலவகைத் திசுக்கள் எப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று காட்ட அவை போதாது. அதற்குப் பூசணித் தண்டும் வெந்த கோழிக்கறியும்தான் சரி.

வெங்காயச் செதிலின் உட்குழிந்த பக்கத்தில் படலம் எளிதாக உரிந்து வரும். ஒரே அடுக்கு என்பதால் வெட்டும் வேலையே இல்லை. ஒரு சொட்டு அயோடின் விட்டால் உட்கரு பழுப்பாகத் தெரியும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை 45 பாகைச் சாய்வில் மெல்ல இறக்கினால் காற்றுக் குமிழி புகாது. கிடைப்பது புறத்தோல் மட்டுமே: நீர் கடத்தும் சைலம் இல்லை, உணவு கடத்தும் புளோயம் இல்லை, தண்டைத் தாங்கும் திசுவும் இல்லை.

பூசணித் தண்டின் ஒரே குறுக்குவெட்டில் இவை அத்தனையும் இருக்கின்றன. கொழுந்து நுனியை எடுக்காதீர்கள். அங்கே தாங்கும் திசுவான ஸ்கிளிரன்கைமாவின் செல்சுவர் இன்னும் தடித்திருக்காது. நீட்சி முடிந்த கணுவிடையிலிருந்து (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) 2 செ.மீ. துண்டு போதும். வெட்டு வாயில் கசியும் சாறு பிசினாக உறையும், உடனே நீரில் அலசுங்கள். புது பிளேடை நனைத்து, ரம்பம்போல் அறுக்காமல் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இருபது சீவினால் இரண்டு மூன்று தேறும். முழு வட்டம் வர வேண்டும் என்று போராடாதீர்கள். ஓரம் மெலிந்த அரைத் துண்டே தெளிவாகத் தெரியும். 1% சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் 2 நிமிடம் வைத்து, நிறம் கசிவது நிற்கும்வரை கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் பொருத்துங்கள். எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் சாயம் மிஞ்சிவிட்டது. 50% ஆல்கஹாலில் ஒரு முறை முக்கி எடுத்தால் சரியாகும்.

இப்போது பாருங்கள். லிக்னின் என்ற கெட்டிப்பொருள் படிந்த சைலக் குழாய்களும் ஸ்கிளிரன்கைமா வளையமும் அடர் சிவப்பு. புறத்தோலுக்குக் கீழே, தண்டின் வரம்புகளில், மூலைகள் மட்டும் தடித்து வெளிறி நிற்பது கோலன்கைமா. ஸ்கிளிரன்கைமா, கோலன்கைமா இரண்டுமே தாங்கும் திசுக்கள்தாம். கோலன்கைமா உயிருள்ளது, தண்டு நீளும்போது கூடவே நீளும். ஸ்கிளிரன்கைமா முதிர்ந்தபின் பெரும்பாலும் இறந்துவிடும், நீளாது; அதனால் நீட்சி நின்ற பகுதியில்தான் அது கெட்டிப்படுகிறது. பூசணியில் சைலத்தின் இருபுறமும் புளோயம் உண்டு. உணவு செல்லும் அதன் சல்லடைக் குழாய்களின் குறுக்கே உள்ள சல்லடைத் தட்டின் துளைகளை 400 மடங்கில் காணலாம். இவ்வளவு பெரிய சல்லடைக் குழாய்கள் பல தாவரங்களில் கிடைப்பதில்லை.

விலங்குத் திசுவுக்கு வருவோம். கன்னச் செல்லை 0.9% உப்புக் கரைசலில் பரப்பி, மெத்திலின் நீலம் ஒரு சொட்டு விட்டால் போதும். வெறும் நீரில் செல் உப்பிவிடும். சுரண்டி எடுக்கும்போதே செல்கள் உதிரியாகிவிடுவதால், மேற்பரப்பை மூடும் திசுவான எபிதீலியம் அடுக்கடுக்காக அமைந்து உராய்விலிருந்து காக்கும் அமைப்பு கலைந்துபோகிறது.

வெந்த கோழி நெஞ்சுக்கறியில் அந்தச் சிக்கல் இல்லை. வேகும்போது, நார்களைப் பிணைக்கும் இணைப்புத் திசுவின் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக இளகிவிடுவதால் தசை நார்கள் தனித்தனியாகப் பிரியும். பச்சைக் கறி ஏன் பிரிய மறுக்கிறது என்பதிலேயே இணைப்புத் திசுவின் வேலை விளங்கிவிடும். 5 மி.மீ. இழையைக் கிளிசரினில் வைத்து, இரண்டு ஊசிகளால் முடியைவிட மெல்லியதாகப் பிரியுங்கள். 400 மடங்கில் குறுக்கு வரிகள் தெரியும். நார் சுருங்கி விரிய உதவும் புரத இழைகளின் ஒழுங்கு அது. வரி தெரியாவிட்டால் பெரும்பாலும் ஒளி மிகையாக இருக்கும்: ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாபிரத்தைச் சுருக்குங்கள். அதன்பிறகும் மங்கலாக இருந்தால் இழை தடிமன், இன்னும் பிரிக்க வேண்டும்.