கூரை ஃபேன் பூட்ட முதல் இதை வாசியுங்கள்

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சீட் கூரை வீடு எப்படி இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இருட்டின பிறகும் சீலிங் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கூரைக்குள் தேங்கும் அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிடும் என்று சொல்லித்தான் போன ஓகஸ்ட்டில் உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூரை ஃபேன் பூட்டினார்கள். கூலியோடு 85,000 ரூபாய். முறைப்பாடு நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வந்த பாஸ் சீலிங்குக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, காற்று உள்ளே வர வழி வேண்டாமா?" என்று கேட்டேன். "ஃபேன் எல்லாத்தையும் இழுக்கும் ஐயா" என்றார். இழுத்தது உண்மைதான், எங்கள் அறைக் காற்றை! தாழ்வாரப் பலகையில் ஒரு துவாரமும் இல்லாததால், சீலிங் லைட் ஓட்டைகளால் ஏசியின் குளிர்தான் மேலே போனது. ஊதுபத்தியை அந்த ஓட்டைக்குக் கீழே பிடித்தால் புகை நேரே உள்ளே போகிறது. உங்கள் வீட்டிலும் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 கன அடி காற்றைத் தள்ளும் ஃபேனுக்குத் தாழ்வாரத்தில் 1 சதுர அடி திறப்பாவது வேண்டும். எங்களுடையது 1,200. அப்படியென்றால் 4 சதுர அடி, வலை அடித்தால் இன்னும் கூட.

அதைவிடக் கோபம், அஸ்பெஸ்டஸ் சீட்டைத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் கிரைண்டரால் வெட்டியது. புற்றுநோய் வரை கொண்டுபோகிற தூசி அது. கிணற்றடியில் காயப்போட்டிருந்த உடுப்பெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வாயை மூட அந்தப் பெடியன்களிடம் ஒரு துணிகூட இல்லை, பாவம்.

நவம்பர் மழையில் ஃபேனைச் சுற்றி ஒழுக்கு. வெட்டின இடத்தில் தகரமே வைக்கவில்லை, வெறும் சிலிக்கன்தான் பூசியிருந்தார்கள். வயரை லைட் லைனில் முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். ஈரம் பட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அது இருந்தபடியால் தப்பினோம்.

கடைக்காரர் "ஃபேனுக்குத்தான் வாரண்டி, ஒழுக்குக்கு இல்லை" என்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஓகஸ்ட் வேலைக்கு நவம்பரில் ஓடவேண்டி வந்தது அதனால்தான். மழைக்கு முன் பூட்டுகிறவர்கள் நாளைக் கவனியுங்கள். பில்லில் கூரை வெட்டுவது, தகரம், வயரிங் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் இருப்பது "ஃபேன் 1" மட்டும்.