வாசல் விற்பனைக்குத் தற்காலிக லைசன்: மாவட்ட மன்றக் கவுண்டர் எப்படி?

வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கவென்று தனி விண்ணப்பப் பாரம் மலேசிய மாவட்ட மன்றத்தின் இந்தக் கவுண்டரில் கிடையாது. தற்காலிக அங்காடி லைசன் பாரத்தைத்தான் நீட்டுகிறார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றத்துக்கும் தனி உபவிதி. பக்கத்து ஊர்க் கட்டணத்தைச் சொல்லி வாதாடுவது வீண்.

அடையாள அட்டை நகல், படம் எல்லாம் சுலபம். சிக்கல் நிலத்தில்தான். தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், முன்புறம் கம்பெனி நிலம். மானேஜர் கையொப்பமிட்ட கடிதம் இல்லாவிட்டால் பாரம் திரும்பிவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடென்றால் வேலிக்குள்ளேயே மேசையைப் போடுங்கள். சாலையோரத்துக்கு நகர்ந்தால், பொது இடத்தை அடைப்பதைக் குற்றமாக்கும் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பாயும், சாமானும் பறிபோகலாம். வரைபடத்தில் வேலி, கால்வாய், சாலை மூன்றையும் மீட்டர் கணக்கோடு குறித்தால் கேள்வி குறையும்.

கூடவே வடையும் நாசி லெமாக்கும் விற்கிற ஆசை பலருக்கு உண்டு. அதற்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். பேனரில் மலாய் எழுத்து பெரிதாக இருக்கட்டும். தமிழ் கீழே வரலாம். வாங்கி விற்பதே தொழிலானால் 1946ஆம் ஆண்டு பழம்பொருள் வணிகர் சட்டம் குறுக்கே வரும், அது இந்தக் கவுண்டரோடு முடியாது.

ஊழியர்கள் பொறுமைசாலிகள். ஆனால் இடம் பார்க்க அதிகாரி எப்போது வருவார் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய குறை அதுதான். தீபாவளிச் சந்தை விண்ணப்பங்கள் குவியும் மாதத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.