காலேஜ் சீனியர் என்று நம்பி 38,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

முந்தாநாள் பணம் போனது. கை இன்னும் நடுங்குகிறது. 38,500 ரூபாய்.

குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்தவள் நான். மறுபடி வேலை தேடலாம் என்று, முன்னாள் மாணவர்களுக்கான ஒரு செயலியில் சேர்ந்தேன். பேட்ச் போட்டுத் தேடினால் யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று காட்டும். ஒரு சீனியரிடம் ரெஃபரல் கேட்டேன், அதாவது அவர் கம்பெனியில் என்னைப் பரிந்துரைக்கச் சொன்னேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது.

அன்றைக்கே போன். "என்னம்மா, ஹாஸ்டலா, டே ஸ்காலரா?" என்றுதான் ஆரம்பித்தான். வியாழக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் போடும் கல்லு மாதிரி பரோட்டா, மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தாத்தா, எல்லாம் சொன்னான். தாத்தா பேச்சு வந்ததும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. பணம் போன பிறகுதான் பார்க்கிறேன், தாத்தாவின் போட்டோவும் பரோட்டாக் கதையும் அந்தச் செயலியிலேயே போன மாதம் யாரோ போட்டவை. படித்துவிட்டுப் பேசியிருக்கிறான் பாவி.

"நம்ம காலேஜ் பொண்ணு, விட்டுடுவேனா?" என்றான். பேக்ரவுண்ட் செக்குக்கு 8,500. மறுநாள் லேப்டாப் டெபாசிட் 30,000, முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம். "சரிங்கண்ணா" என்று சொல்லி அனுப்பினேன். அதோடு போன் ஸ்விட்ச் ஆஃப்.

செயலிக்காரர்களிடம் கேட்டால், ரோல் நம்பரும் பேட்சும் பொருந்தினால் டிக் வரும், பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி பதில். அடுத்தவர் ரோல் நம்பரைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர், "குரூப்பில் போடாதம்மா, காலேஜ் பேர் கெட்டுப்போகும்" என்றார். நான் போட்டதையும் அழித்துவிட்டார்கள். வங்கியில், "நீங்களேதானே பின் போட்டீங்க?" அந்த 38,500 என் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம்.

ரெஃபரலுக்குக் காசு கேட்டால் உடனே கட் பண்ணுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் போனஸ் கொடுப்பது கம்பெனிதான், நாம் இல்லை. டிக்கை நம்பாதீர்கள், உங்கள் பேட்ச் ஆள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் பண்ணுங்கள். அண்ணன் திரும்பக் கூப்பிடுவார் என்று நான் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்.

எனக்கு அடுத்த பேட்ச் பெண் ஒருத்திக்கும் வேலை வாங்கித் தருவதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லவில்லை. அது நீங்கள்தான் என்றால், தயவுசெய்து எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.