எக்ஸ்கே கே110: விழுவதற்கென்றே வாங்கிய ஹெலிகாப்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரிமோட்டில் பறக்கவிடுகிற இந்தச் சின்ன ஹெலியை இதுவரை நாற்பது தடவைக்கு மேல் கீழே போட்டிருக்கிறேன். நடுவில் எண்ணுவதை விட்டுவிட்டதால் சரியான கணக்கு கையில் இல்லை. இன்னமும் பறக்கிறது. ரிவ்யூ இவ்வளவுதான் என்று முடித்துவிடலாம், ஆனால் இதை வாங்கும் முன்னால் நான் பயந்த பயத்தைச் சொல்லாவிட்டால் இது ஏன் நல்ல ஹெலி என்பது புரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு 450 சைஸ் ஹெலி ஒன்று வாங்கினேன். இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர், 3எஸ், அதாவது மூன்று செல் பேட்டரி, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். மூன்றாவது நாள் பள்ளி மைதானத்தில் ஆறு அங்குல உயரத்தில் நிறுத்த முயன்றபோது பக்கவாட்டில் நழுவியது, நான் பதறி எதிர்ப்பக்கம் இழுக்க, அது இன்னும் வேகமாகப் போய் மண்ணில் இறக்கையைக் குத்தித் தன்னையே அடித்து நொறுக்கிக்கொண்டது. இரண்டு இறக்கை, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட் (இரண்டு இறக்கையையும் தாங்குகிற குறுக்குக் கம்பி), மெயின் கியர், வால் குழாய் எல்லாம் போச்சு. செலவைக்கூட விடுங்கள், சரிசெய்து மறுபடி மைதானத்துக்குப் போன அன்று ரிமோட்டைப் பிடித்த கட்டைவிரல் நடுங்கியதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பறக்கவே விடாமல் வீட்டுக்கு வந்தேன். அது பரண்மேல் ஏறியது. பதினொரு மாதம், யார் கேட்டாலும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கே110-ஐப் புதிதாக வாங்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருந்து விலகிய ஒருவரிடம் பெட்டியோடு கை மாற்றிக்கொண்டேன். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை என்றது. அதற்கப்புறம் வெளிநாட்டில் இருந்து முழு ஹெலியை வரவழைக்கும் தைரியம் எனக்கு இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். விசிறியின் விட்டம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், பேட்டரி 3.7 வோல்ட் 520 எம்ஏஎச், ஒற்றை செல். மெயின் மோட்டார் பிரஷ்லெஸ் (உள்ளே தேயும் பிரஷ் இல்லாத வகை), வால் மோட்டார் கோர்லெஸ் (பிரஷ் உள்ள சின்ன வகை). கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று பொம்மைக் கடை ஹெலி என நினைத்துவிடாதீர்கள். சைமா எஸ்107 மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி வைத்து, விட்ட இடத்தில் நிற்கிற சாது அல்ல இது. இறக்கைகளின் கோணம் மாறும், அதாவது கலெக்டிவ் பிட்ச், பெரிய ஹெலி செய்வதை எல்லாம் செய்யும், தலைகீழாகவும் பறக்கும். பெரிய ஹெலி எப்படி ஏமாற்றுமோ அப்படியே ஏமாற்றவும் செய்யும்.

ஆனால் எடை நூறு கிராம்கூட இல்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது. விழும்போது உடைவது எடையையும் வேகத்தையும் பொறுத்தது, இதில் இரண்டுமே சின்னது. புல்தரையில் விழுந்தால் பெரும்பாலும் எடுத்து ஊதிவிட்டு மறுபடி பறக்கவிடலாம். முதல் வாரம் மொட்டை மாடியில் பழைய மெத்தை ஒன்றை விரித்துப் பழகினேன். மெத்தையை விட்டுத் தள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் மோதி உருண்டது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மகள் ஓடிப்போய் எடுத்துவந்து, "அப்பா, மூக்கு மட்டும் கழண்டிருக்கு, வால் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கேனோபியை, அதாவது அந்த மூக்கு மூடியை, மாட்டினேன், பறந்தது. அந்த நிமிடம்தான் பதினொரு மாதப் பயம் கொஞ்சம் இறங்கியது. விழவே கூடாது என்று இருந்தவரை எனக்கு ஒன்றும் வரவில்லை. விழுந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம் என்று தெரிந்தபிறகுதான் விரல் இளகியது.

விபத்தில் பாதியைப் பயமேதான் வரவழைக்கிறது என்பதையும் இதில்தான் கண்டுபிடித்தேன். பயந்தவன் என்ன செய்வான், தரையை ஒட்டி, தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வான். விசிறியின் விட்டம் அளவு உயரத்துக்குள் இருந்தால் தரையில் பட்டுத் திரும்புகிற அதன் காற்றே அதைத் தள்ளாட வைக்கும், தப்பைத் திருத்த நேரமும் இருக்காது. ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் ஆச்சரியமாக அமைதியாக நிற்கிறது. இரண்டாவது, பதறியதும், ஹெலியை ஏற்றி இறக்குகிற த்ராட்டில் ஸ்டிக்கைக் கீழே இழுப்பது. சாதாரண மோடில் அது தொப்பென்று விழும், அவ்வளவுதான். ஐடில் அப் என்ற சாகச மோடில் விசிறி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்க, இறக்கைக் கோணம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும், ஹெலியைத் தரைக்குள் அறைகிற மாதிரி. காப்பாற்றுவதாக நினைத்து நாமே குத்துகிறோம்.

இதற்கு மருந்து த்ராட்டில் ஹோல்டு. அது ஒரு சுவிட்ச், தட்டினால் மோட்டார் நின்றுவிடும். தரையைத் தொடுவதற்குள் மோட்டார் நின்றால் கியரும் ஷாஃப்டும் பிழைக்கும், சுற்றிக்கொண்டே மோதினால்தான் சேதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பறக்கவே விடாமல், டிவி பார்த்துக்கொண்டே அந்த சுவிட்சை மட்டும் தட்டித் தட்டிப் பழகினேன். வீட்டில் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். இப்போது மூளை யோசிக்கும் முன்னால் விரல் போய்விடுகிறது. என் நாற்பது விழுகையில் பிந்திய இருபதில் பெரிதாக ஒன்றும் உடையாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

கே110-இன் இன்னொரு வசதி, இது ரிமோட் கம்பெனியான ஃபுட்டாபாவின் எஸ்-எஃப்எச்எஸ்எஸ் சிக்னலைப் புரிந்துகொள்ளும். கூட வருகிற ரிமோட்டே போதும், ஆனால் மல்டி புரோட்டோகால் உள்ள, அதாவது பல கம்பெனிகளின் சிக்னலை அனுப்பக்கூடிய ரேடியோமாஸ்டர் ரிமோட் வைத்திருந்தால் அதிலேயே இணைத்துவிடலாம். அதே ரிமோட்டை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு சேர்த்தால் ரியல்ஃபிளைட் சிமுலேட்டருக்கும் ஆகும். ஒரே ஸ்டிக், ஒரே கை. ஹெலியின் மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும்போது இடமும் வலமும் மாறிப்போகுமே, அந்தப் பாடத்தை நிஜ ஹெலியில் படிப்பது முட்டாள்தனம், சிமுலேட்டரில் ஒரு மாதம் ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தால் வந்துவிடும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோய் முட்டுக் கொடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பழகினேன். ஆனால் சிமுலேட்டரால் பயம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே விழுந்தால் பொத்தானைத் தட்டினால் புது ஹெலி, எனக்கு வியர்த்ததே இல்லை. கைக்கு அது பாடம் சொல்லிக்கொடுத்தது, நெஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்க மொட்டை மாடிதான் வேண்டியிருந்தது.

6ஜி மோடு பற்றி. ஸ்டிக்கை விட்டால் ஹெலி தானே நேராகும். ஆரம்பத்தில் பெரிய ஆறுதல். ஆனால் இதில் ஜிபிஎஸ் கிடையாது, நேராகும், நின்ற இடத்தில் நிற்காது, காற்றோடு மிதந்து போகும். ட்ரோன் பழக்கத்தில் கையை எடுத்தால் சுவரில் போய் நிற்கும். நான் இதிலேயே இரண்டு மாதம் ஓட்டி, விட்டால் தானே திருத்திக்கொள்ளும் என்று கை சோம்பேறியாகி, தானே நேராகாத 3டி மோடுக்கு மாற்றிய முதல் நாள் மூன்று முறை விழுந்தேன். ஒழுங்காக ஹோவர் (ஒரே இடத்தில் மிதக்கவிடுவது) வந்ததும், மூன்றாவது வாரத்திலேயே மாறியிருக்க வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஒரு சங்கதி. விழுந்த பிறகு எல்லாம் நன்றாகத் தெரிந்தும் ஹெலியின் உடம்பு முழுக்க நடுக்கம் எடுத்தால் ஃபெதரிங் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தீக்குச்சியைவிட மெல்லிய கம்பிதான், வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, உருளும்போது ஒரு முனை துள்ளும். இறக்கை ஒரு ஜோடி கிட்டத்தட்ட ஒரு பிரியாணி விலை. நான் ஆர்டர் செய்த ஓர் ஆன்லைன் கடை ஏழு வாரம் இழுத்து, கடைசியில் வேறு மாடலின் வால் விசிறியை அனுப்பியது, பணம் திரும்ப வரவில்லை. ஆகவே உதிரி டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் முதல் பேட்டரியை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இறக்கைக்காகக் காத்திருக்கிற வாரங்களில் பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குறைகள் இருக்கின்றன. கோர்லெஸ் மோட்டார் என்றாலே உள்ளே பிரஷ் தேயும், வால் மோட்டார் நுகர்பொருள்தான், கூடுதலாக ஒன்று இருக்கட்டும். ஒரு பேட்டரிக்கு எனக்கு ஐந்து நிமிடம் வருகிறது, நாலு பேட்டரியாவது இல்லாமல் மைதானம் போவது வீண். சின்ன உருவம் என்பதால் பதினைந்து மீட்டர் தள்ளிப்போனால் எது மூக்கு எது வால் என்றே தெரியவில்லை, மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை வால் பக்கம் பூசிய பிறகு பரவாயில்லை. அப்புறம் காற்று. நான் இருப்பது கோயம்புத்தூர், ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மொட்டை மாடியில் துணியைக்கூட விட்டுவைக்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது இது எம்மாத்திரம். அந்த மாதங்களில் விடிகாலை ஆறு மணிக்குப் போனால் உண்டு, இல்லையேல் ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டுத்தான்.

சின்னதுதானே என்று முகத்துக்கு நேராகக் கொண்டுவராதீர்கள், கண்ணுக்கு இதுவே போதும். பெரியதின் கதை வேறு. 700 சைஸ் ஹெலியில் விசிறி நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரை ஒட்டி வரும். 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் இளைஞர் தன் ஹெலி தாக்கியே இறந்தார். அந்த சைஸ் மீது எனக்கு இருக்கிற பயத்தைப் போக்கிக்கொள்ள நான் முயற்சிகூடச் செய்யவில்லை.

450-ஐப் போன மாதம் பரணில் இருந்து இறக்கினேன். பேட்டரி உப்பிப் போயிருந்தது. புதியதை மாட்டி, மைதானத்தில் ஆள் உயரத்துக்கு ஏற்றி நாலு நிமிடம் நிறுத்தினேன், வால் என் பக்கம். கட்டைவிரல் நடுங்கவில்லை, முழங்கால் மட்டும் கொஞ்சம். மூக்கை என் பக்கம் திருப்புவது அடுத்த வாரம், அதற்கு முன்னால் கே110-இல் இன்னும் நாலைந்து தடவை விழவேண்டி இருக்கிறது.