ஃபேனா, நேரக் கட்டணமா, ரிமோட்டா: சாயங்கால உச்சத்தைக் குறைப்பது எது?

கரண்ட் பில் என்றால் நம் வீடுகளில் ஒரே கணக்குதான்: இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட்? 500-ஐத் தாண்டினால் பில் எகிறும் என்று தெரிந்தவர்கள், ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். மின்வாரியத்தின் தலைவலி வேறு. அந்த யூனிட் மத்தியானம் செலவானதா, ராத்திரி 8 மணிக்குச் செலவானதா என்பதுதான் அதற்கு முக்கியம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வருஷத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டும் வரும் இப்படிப்பட்ட உச்சத்துக்காகச் சந்தையில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் அதற்கேற்பப் போட வேண்டும். பகலிலாவது சோலார் கைகொடுக்கும். ஆறு மணிக்கு மேல் அது படுத்துவிடும். லைட், டிவி, ஃபேன், ஏசி எல்லாம் ஒன்றாக எழுந்துகொள்வதும் அப்போதுதான்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். குறைவாக மின்சாரம் இழுக்கும் சாதனங்களைக் கொடுப்பது ஒன்று. நேரத்துக்கு நேரம் விலையை மாற்றுவது இன்னொன்று. வாரியமே தூரத்திலிருந்து சாதனத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது அல்லது அதன் வேகத்தைக் குறைப்பது மூன்றாவது.

முதல் வழிக்கு நல்ல சாட்சி எல்இடி பல்பு. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட். பல்பு எரிவதே விளக்கு வைக்கிற நேரத்தில்தான் என்பதால், மிச்சமான ஒவ்வொரு வாட்டும் நேராக உச்ச நேரத்தில் போய் விழுந்தது. ஆனால் அந்தக் கரும்பைப் பிழிந்தாகிவிட்டது. இனி சக்கையில் பெரிதாக ஒன்றும் வராது.

மிச்சம் இருப்பது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற, பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் நிற்கும். ஒரு கோடி ஃபேன் ராத்திரி 9 மணிக்குச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனுக்கு 45 வாட் என்றால் 450 மெகாவாட் மிச்சம். நடுத்தரமான ஓர் அனல்மின் அலகு கொடுக்கிற அளவு அது. இந்த வகை ஃபேனை இந்தியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கோயம்புத்தூர்க்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மத்திய அரசு நிறுவனமான இஇஎஸ்எல் 2023-இல் ஒரு கோடி ஃபேன்களை இலக்காக வைத்துத் திட்டம் அறிவித்தது.

இரண்டாவது வழியான நேரக் கட்டணம் காகிதத்தில் அழகாக இருக்கும். 2023-இல் வந்த மத்திய விதிப்படி சோலார் நேரத்தில் விலை குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும். உச்ச நேரத்தில் தொழில், வணிக இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவீதமும் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும் ஏற வேண்டும். இதற்கு முதலில், எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதிகிற ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். அது வந்துவிட்டதாகவே வைத்துக் கணக்குப் போடுவோம். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். யூனிட் 6 ரூபாய் என்றால் உச்ச நேரத்தில் கூடுவது 60 காசு, நாலு மணி நேரத்துக்கு 2 ரூபாய் 40 காசு. மே மாதச் சென்னையில் இந்தக் காசுக்கு யார் ஏசியை அணைப்பார்கள்? முன்கூட்டியே அறையைக் குளிர வைக்கலாமே என்பார்கள். நம் காங்கிரீட் தளமோ பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரிதான் கக்குகிறது.

பிரான்சில் டெம்போ என்று ஒரு கட்டணத் திட்டம் இருக்கிறது. வருஷத்தில் 300 நீல நாள், 43 வெள்ளை நாள், 22 சிவப்பு நாள். சிவப்பு நாளின் பகல் விலை நீல நாளைவிடப் பல மடங்கு. நாளை என்ன நிறம் என்பதை இன்றே சொல்லிவிடுவார்கள். அங்கே உச்சம் வருவது குளிர்காலத்தில், ஹீட்டரால். அந்த அளவுக்கு உறைக்கிற விலை இருந்தால்தான் பழக்கம் மாறும். இங்கே எந்த அரசு அதற்குத் துணியும்?

அதற்காக நேரக் கட்டணம் வீண் என்று சொல்ல மாட்டேன். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில்களுக்கு 2022 கட்டண ஆணையிலேயே காலையும் மாலையும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் உண்டு. அவர்களால் ஷிப்டை மாற்ற முடியும். வீட்டில் தள்ளிப்போடக்கூடியவை டேங்க் மோட்டார், வாஷிங் மெஷின், அப்புறம் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ். அதிலும் ஸ்கூட்டரை ஆபீஸ் விட்டு வந்ததும் சொருகாமல் 11 மணிக்குச் சொருகினால் நல்ல பலன் கிடைக்கும்.

மூன்றாவது வழி நமக்குப் புதிதல்ல. வயல் மோட்டாருக்கு எந்த நேரம் த்ரீ பேஸ் கரண்ட் வரும் என்று வாரியம் முடிவு செய்வதும் இந்த வகைதான். விவசாயியைக் கேட்டுச் செய்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சம்மதம் வாங்கி, பில்லில் தள்ளுபடி கொடுத்து, ஏசியையும் வாட்டர் ஹீட்டரையும் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2022 செப்டம்பர் 6 அன்று சாயங்காலம் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று செல்போன்களுக்கு அவசரச் செய்தி போனது. அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 2,000 மெகாவாட் இறங்கியது. அபாரம்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு தரம் அப்படிக் கேட்டால் யார் மதிப்பார்கள்? ஏசி பெருகப் பெருக ஃப்ளோரிடா பாணி இங்கே அவசியமாகும். பத்து நிமிஷம் கம்ப்ரசர் நின்றால் பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது.

என் ஓட்டு இப்போதைக்கு ஃபேனுக்கு. சிக்கல் காசு யார் கொடுப்பது என்பதில். ஒரு ஃபேன் தினம் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் மிச்சமாவது 40 யூனிட். இலவச யூனிட் வரம்புக்குள் வாழும் குடும்பத்துக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. லாபம் முழுக்க வாரியத்துக்கு. அப்படியானால் விலையையும் வாரியம்தான் தர வேண்டும், பழைய ஃபேனைக் கையோடு வாங்கிக்கொண்டு. இல்லையென்றால் புதியது ஹாலில் சுற்றும், பழையது திண்ணையில் சுற்றும்.